தொட்டியில் போட்ட உப்பு

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமென்றாலும் அதில் உப்பைப் போடுவார்கள். எலுமிச்சங்காய், மாங்காய், மோர் மிளகாய், பெருநாளைக்கு மிஞ்சிய கறி எல்லாவற்றுக்கும் அதே வழிதான். எங்கள் அத்தாவுக்கு வேலையே அதுதான். தகப்பனாரை நாங்கள் அத்தா என்று கூப்பிடுவோம். திண்டுக்கல்லில் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் பச்சைத் தோலுக்கு உப்புப் போடுகிறவர் அவர். ஆட்டுத் தோல் வந்து இறங்கினால் விரித்து, உள்பக்கம் உப்பைத் தூவித் தேய்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். அப்படி அடுக்கிய தோல் மாசக்கணக்கில் அழுகாமல் கிடக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பத்து வயதில் நான் செய்த காரியத்தைக் கேட்கிறவர்கள், இம்புட்டு மக்குப் பிள்ளையா என்றுதான் கேட்கிறார்கள். நான் அப்படியொன்றும் மக்கு இல்லை. பார்த்ததை வைத்துத்தான் செய்தேன்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டுக் கிணறும் உப்பு. நகராட்சிக் குழாயில் பத்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவும் மட்டும் காணும். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீரில் செடி வராது. வைத்த ஒரு மாசம் நன்றாக இருப்பதுபோல் இருக்கும். பிறகு இலையின் ஓரம் யாரோ நெருப்பில் காட்டியதுபோல் கருகும். அதற்கப்புறம் எத்தனை எருப் போட்டாலும் பிழைக்காது. அம்மா இரண்டு தடவை மல்லிகை வைத்து இரண்டு தடவையும் பிடுங்கிப் போட்டிருந்தாள்.

மூன்றாவது தடவை வைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

அம்மா செம்பட்டிப் பக்கத்துக்காரி. அவளுக்கு ஒரே அண்ணன், எங்கள் மாமா. அங்கே காய்கறி வியாபாரம் செய்தார். அம்மாவுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருசத்தில் மாமா எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு தின்றதில்லை. பெருநாளைக்குச் சீர் கொண்டுவருவார். வாசலில் நின்றபடியே பையை நீட்டுவார். "பஸ்ஸு போயிரும்" என்பார். செம்பட்டிக்குக் கால் மணிக்கு ஒரு பஸ் இருந்தது. பேசுகிற நேரம் முழுக்கக் கைக்குட்டை மூக்குக்குப் பக்கத்திலேயே இருக்கும். தோல் வாடை எங்களுக்குத் தெரியாது. அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அம்மாவுக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அத்தா வந்ததும் கழற்றிப் போடுகிற சட்டையை அவள் ஒரு நாளும் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை.

அந்த மாமாதான் வருகிற பங்குனியில் வந்து ஒரு ராத்திரி தங்குவதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ஏன் மனசு மாறினார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் திரும்பவும் மாறிவிடுமோ என்ற பயம்.

முன்னறைச் சன்னலுக்கு வெளியே மூன்று குண்டுமல்லிச் செடிகள் இருந்தன. கார்த்திகையில் கவாத்துப் பண்ணி விட்டிருந்தாள். நல்ல தண்ணீர் கிடைத்தால் மாசிக் கடைசியில் பூக்கத் தொடங்கி, பங்குனியில் சொரியும். "சன்னலைத் தொறந்தா அண்ணன் மூக்குல பூ வாசந்தான் மொதல்ல ஏறணும்" என்று அம்மா என் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டேன். எனக்குச் சொல்லவில்லை. பொதுவாக எனக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நான் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொள்கிற ரகம்.

நல்ல தண்ணீருக்காக அத்தா ஒரு தொட்டி கட்டிக் கொடுத்திருந்தார். கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை நாலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடுக்கெல்லாம் பூசி, அடியில் ஒரு குழாய். ஓட்டுக் கூரையிலிருந்து தகரக் குழாய் வழியாக மழைத்தண்ணீர் அதில் விழும். ஐப்பசியும் கார்த்திகையும் பெய்கிற மழைதான் எங்களுக்கு மழை. அதைப் பங்குனி வரைக்கும் கெடாமல் வைத்திருக்க வேண்டும்.

அதற்கு அம்மா வைத்திருந்த முறைகள் வீட்டில் தொழுகைக்கு அடுத்தபடி. முதல் இரண்டு மழையைத் தொட்டிக்குள் விடமாட்டாள். ஓட்டில் கிடக்கும் புழுதியும் காக்கை எச்சமும் அதோடு போகட்டும் என்று தகரக் குழாயைத் திருப்பி வைத்துவிடுவாள். மூன்றாவது மழையைத்தான் பிடிப்பாள். தொட்டியின் வாயில் பழைய வெள்ளை வேட்டியை நாலாக மடித்து இறுக்கிக் கட்டுவாள். அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் பலகை, பலகையின்மேல் கல். வெளிச்சம் பட்டால் தண்ணீர் பச்சை பிடித்துவிடும். கொசு புகுந்தால் புழு வைத்துவிடும். நாலு நாளைக்கு ஒருமுறை அடிக் குழாயில் பத்துக் குடம் பிடித்து, மேலே ஏறி நின்று, உயரத்திலிருந்து துணி வழியாகத் திரும்ப ஊற்றுவாள். "மூடியே வச்சிருந்தா தண்ணிக்கும் மூச்சு முட்டும்" என்பாள். கிணற்றில் புழங்கிய வாளியை அதன் பக்கம் கொண்டுபோகக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்ப்பாள். குடிக்கப்போவது செடிதான் என்றாலும் சம்பந்தி வீட்டாருக்கு வைக்கிற தண்ணீரைப் போலத்தான் பார்ப்பாள்.

தை மாசம் செம்பட்டியில் சின்னம்மாவுக்குப் பிரசவம். பன்னிரண்டு நாள் அம்மா போக வேண்டியிருந்தது. அக்காவுக்கு அடுப்படி. தொட்டியை என்னிடம் ஒப்படைத்தாள்.

"அவகிட்டயா?" என்றாள் அக்கா. "வாயத் தொறந்து ஒரு வார்த்த பேச மாட்டா."

"தண்ணியப் பாத்துக்குறதுக்கு வாய் எதுக்குடி?" என்றாள் அம்மா. "ஒன்னைய விட்டா தெருவுல பேசிக்கிட்டு நிப்ப. இவ பாத்துக்குவா."

அதைக் கேட்டபோது எனக்கு இரண்டு அங்குலம் வளர்ந்ததுபோல் இருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குடம் பிடித்து மூன்று செடிக்கும் பங்கு வைத்து ஊற்ற வேண்டும். நாலாம் நாள் மாற்றி ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

நாலாம் நாள் மாற்றி ஊற்றினேன். பத்துக் குடம் தூக்க முடியவில்லை, சொம்பு சொம்பாக ஊற்றினேன். வேட்டித் துணியில் ஏதோ வழுவழுவென்று ஒட்டியிருந்தது. அம்மா பார்த்தால் பாராட்டட்டும் என்று அதை அவிழ்த்து அலசிக் கொடியில் காயப்போட்டேன். சாக்கையும் உதறி வெயிலில் விரித்தேன். பலகையை மட்டும் தொட்டிமேல் சாத்திவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது துணி கொடியில் இல்லை. காற்றில் பறந்துபோய்ப் பக்கத்து வீட்டு முருங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வீட்டு அண்ணனிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். நாளைக்கும் அப்படியே இருந்தது. துணி இல்லாமல் சாக்கைப் போட்டால் தூசி விழும் என்று சாக்கையும் போடவில்லை. இப்படி ஐந்து நாள் பலகையின் இடுக்கு வழியாக வெயிலும் கொசுவும் தொட்டிக்குள் போய் வந்தன.

துணி பறந்ததிலிருந்து ஆறாம் நாள் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். உள்சுவரில் பச்சையாகப் பாசி. தண்ணீருக்கு மேலே சின்னச் சின்னப் புழுக்கள் வளைந்து வளைந்து துள்ளின. சேற்றைக் கிளறியதுபோல் ஒரு நாற்றம். முக்கால்வாசி காலியான தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீர் அது. மாமா வர இன்னும் இரண்டு மாசம் இருந்தது.

துணியைக் கொண்டுவந்து கொடுத்தது பக்கத்து வீட்டு அக்காதான். என் முகத்தைப் பார்த்து, தொட்டியையும் எட்டிப் பார்த்தது.

"அய்யய்ய, வெளங்கிரும்! ஒங்கம்மா வந்தா ஒன்னையத்தான் இதுல போட்டு மூடப்போகுது. ஒரு மூடி சீமெண்ணெய ஊத்து, எல்லாம் செத்துரும்."

சீமெண்ணெய் ஊற்றினால் செடியும் செத்துவிடும் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்கு விவரம் இருந்தது. அதற்கு மேல் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் லீவு. அத்தாவுக்குச் சோறு கொண்டுபோனேன். ஷாப்பின் பின்பக்கக் கொட்டகையில் தோல்கள் என் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அத்தா கை கழுவப் போயிருந்தார். அவரோடு உப்புப் போடுகிற ஒரு பெரியவர் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரிடமும் பேச வராது. அன்றைக்கு வந்தது.

"இதெல்லாம் வந்து எத்தன நாளாச்சு?"

"அந்த அடுக்கா தாயி? அது ஆச்சு, ஒரு மாசத்துக்கு மேல."

"அழுகாதா?"

"உப்புப் போட்டா எப்பிடி அழுகும்? புழு அண்டாது, பூச்சி அண்டாது. நான் மவுத்தானாக்கூட என்னைய ரெண்டு நாளைக்கு உப்புல போட்டு வையி, ஏம் மகன் துபாய்லருந்து வரணும்னு ஒங்கத்தாட்டச் சொல்லி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வழி கிடைத்துவிட்டது.

"வீட்டுக்குக் கொஞ்சம் உப்பு வேணும்" என்றேன்.

"எம்புட்டு?"

சோற்றுப் பையை நீட்டினேன். "ஊறுகாயா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அது நான் வாயால் சொல்லாத பொய் என்பதால் கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். "தோல்ல பட்ட உப்பு வேணாம். இரு, புது மூட்டையிலருந்து தாரேன்" என்று கட்டை அவிழ்த்து, கல் உப்பாக அள்ளிப் பை நிறையப் போட்டார்.

அதற்கு மறுநாளும் போனேன். மூன்றாம் நாளும் போனேன். மூன்று பை உப்பையும் தொட்டிக்குள் கொட்டி ஒரு கம்பால் கலக்கினேன். துணியைக் கட்டி, சாக்கைப் போட்டு, பலகை, கல் எல்லாம் வைத்தேன். இரண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தேன். புழுக்கள் செத்து மிதந்தன. நாற்றமும் குறைந்ததுபோல் இருந்தது. இதை ஏன் அம்மாவுக்கு இத்தனை நாளாக யாரும் சொல்லித் தரவில்லை என்று ஆச்சரியமாக இருந்தது. செத்த புழுக்களை வடிகட்டி எடுத்துவிட்டு, சொன்ன சொல் தவறாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு குடம் பிடித்து மூன்று செடிக்கும் பங்கு வைத்து ஊற்றினேன்.

அம்மா பன்னிரண்டு நாள் என்று போனவள் பதினேழு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் வந்தாள். மேலே போர்த்தியிருந்த துப்பட்டியைக்கூடக் கழற்றவில்லை. பையை வாசலில் வைத்துவிட்டு நேரே செடியிடம் போனாள். இலைகளின் ஓரம் கருகியிருந்தது. கவாத்துக்குப் பிறகு விட்டிருந்த இளந்துளிர்கள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கின. நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். செடி அப்படியிருப்பதை நானும் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்கும் உப்புக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒரு பயம் வந்திருந்தது. சொல்ல ஆளில்லை. ஆள் இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

அம்மா தொட்டியைத் திறந்தாள். விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். துப்பவில்லை. திரும்பவும் ஒரு தடவை விரலை நனைத்து வைத்துப் பார்த்தாள்.

அத்தா அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"யாரு இதுல கெணத்துத் தண்ணிய ஊத்துனது?" என்று கேட்டாள்.

அத்தா நிமிர்ந்தார். அம்மாவைப் பார்த்தார், பிறகு கதவுக்குப் பின்னால் இருந்த என்னைப் பார்த்தார். உப்பு அள்ளிக் கொடுத்தவர் ஊறுகாய் எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேட்டிருப்பார் போல.

"நான்தான்" என்றார். "கொறஞ்சு கெடந்துச்சு. ரெண்டு கொடம் ஊத்துனேன்."

"ரெண்டு கொடம்."

"ஆமா."

அம்மா குரலை உயர்த்துகிறவள் கிடையாது. அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதனால்தான் அக்கா அடுப்பை விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல அந்தக் கெணத்துத் தண்ணியிலதான் டீ போட்டேன்" என்றாள் அம்மா. "ஞாபகம் இருக்கா? எட்டிப் பாத்தா மீனு ஓடும். இப்ப அதுல தல குளிச்சா முடி பிரிபிரியாக் கொட்டுது. பிள்ளைகளுக்கு ஒடம்பெல்லாம் சொறியிது. நான் ஏதாச்சும் கேட்டனா? பதினெட்டு வருசத்துல ஒரு நாளு கேட்டனா?"

"கேக்கல."

"மூணு செடி. மேல இருந்து அல்லா குடுக்குற தண்ணி. அதுல போயி…" சொல்ல வந்ததை நிறுத்தினாள். "எங்கருந்து வருது இம்புட்டு உப்பு? சொல்லுங்க, ஒங்களுக்குத் தெரியாதா?"

அத்தா கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"தெரியும்."

"தெரிஞ்சும்…"

"வேற என்ன வேல தெரியும் எனக்கு?" என்றார் அத்தா.

இரண்டு குடம் தண்ணீர் ஊற்றியதற்கும் அவருக்கு என்ன வேலை தெரியும் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. பெரியவர்கள் கோபத்தில் எதையாவது பேசுவார்கள் என்று விட்டுவிட்டேன். அம்மா துப்பட்டியைக் கழற்றி மடித்துக்கொண்டே உள்ளே போனாள். போகும்போது என் தலையில் கையை வைத்து, "சாப்டியா?" என்று கேட்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை, அத்தாவுக்கு லீவு. விடிந்ததும் ஒரு தள்ளுவண்டியை எங்கோ கேட்டு வாங்கி, இரண்டு பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டிக்கொண்டு போனார். தாடிக்கொம்பு ரோட்டில் அவருக்குத் தெரிந்தவர் தோட்டத்துக் கிணறு ஒன்று நல்ல தண்ணீர். ஜும்மாவுக்கு முன்னால் மூன்று நடை, பின்னால் இரண்டு நடை. செடிகளைச் சுற்றிப் பாத்தி வெட்டி, மண்ணில் ஏறிய உப்பு இறங்கட்டும் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். அவருடைய உள்ளங்கை எப்போதும் வெடித்து வெடித்து இருக்கும். வண்டிப் பிடி பட்டு அதில் ரத்தம் கசிந்தது. நான் செய்த தப்புக்கு அவர் படுகிற பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா தொட்டியைத் திறந்துவிட்டுக் காலி செய்தாள். சின்ன உடம்பு என்பதால் என்னை உள்ளே இறக்கித் தேங்காய் நாரால் பாசியைத் தேய்க்கச் சொன்னாள். அடியில் நான் சரியாகக் கலக்காமல் விட்ட உப்புக் கற்கள் ஒரு ஓரத்தில் குவிந்து கிடந்தன. நான் காலால் மறைத்தேன். அம்மா விளிம்பில் வயிறு பதியக் குனிந்து, என் காலை நகர்த்தி, அந்தக் கல்லை ஒரு கை அள்ளினாள். பார்த்தாள். பிறகு விரலை விரித்து ஓடுகிற தண்ணீரில் விட்டாள். "நல்லாத் தேயி" என்று மட்டும் சொன்னாள். மணல் என்று நினைத்துவிட்டாள், தப்பித்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு செடிகள் செத்தன. மூன்றாவது செடி பங்குனியில் இலைவிடத் தொடங்கியது. பூ இல்லை. மாமா சொன்ன தேதியில் வந்தார். முன்னறையில் சன்னலோரமாகத்தான் உட்கார்ந்தார். அம்மா நெய்யில் சீரகச் சம்பா பிரியாணி ஆக்கியிருந்தாள். மாமா கைக்குட்டையை எடுக்கவே இல்லையா, எடுத்ததை நான் பார்க்கவில்லையா, தெரியாது. இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டார். அத்தா அன்றைக்கு மூன்று தடவை குளித்திருந்தார். மாமாவுக்கு எதிரில் உட்காராமல் வாசல் பக்கமாகவே நின்றுகொண்டிருந்தார். "வந்து ஒக்காருங்க மச்சான்" என்று மாமா சொன்ன பிறகுதான் வந்து உட்கார்ந்தார். ராத்திரி தங்கிவிட்டு, காலையில் முதல் பஸ்ஸுக்கு மாமா போனார். அம்மா தெருமுனை வரைக்கும் போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். சந்தோசமாகத்தான் இருந்தாள் என்று நினைக்கிறேன்.

எனக்கும் கல்யாணமாகி இதே ஊரில் வேறு தெருவுக்கு வந்தேன். அங்கேயும் கிணறு உப்பு. ஒருநாள் துணி பழுப்பேறுகிறது என்று நான் அலுத்துக்கொண்டபோது, என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே, "ஷாப்புகள்ல தோல அலசிவிட்ட உப்பெல்லாம் வேற எங்க போகும்? பூமிக்குள்ளதான் எறங்கி நிக்கிது" என்றார். ஊருக்கே தெரிந்த விசயம் அது. எனக்கு மட்டும்தான் அது வரைக்கும் தெரியாது. அத்தா அப்போது உயிரோடு இல்லை.

அன்று சாயங்காலம் கிணற்றுத் தண்ணீரைக் கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்போடு ஒரு கசப்பு வந்தது. கசப்புப் போன பிறகு நாக்கின் ஓரத்தில் ஒரு கடுப்பு அரை மணி நேரம் நின்றது. பிறகு அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் கல் உப்பைப் போட்டுக் கலக்கிப் பார்த்தேன். அதில் கசப்பே கிடையாது. பதினெட்டு வருசம் அந்தக் கிணற்றோடு புழங்கிய ஒரு பொம்பளைக்கு, விரலை ஒரு தடவை நாக்கில் வைத்தாலே இது வேறு, அது வேறு என்று தெரிந்திருக்கும். அம்மா இரண்டு தடவை வைத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் அத்தாவிடம் கேட்டாள்.

அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. தொட்டியில் கிணற்றுத் தண்ணீர் இல்லை என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அது தெரிந்தே ஒருத்தி பதினெட்டு வருசமாகக் கேட்க வேண்டியதைக் கேட்டாள், ஒருத்தர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நானோ கதவுக்குப் பின்னால் நின்று, அத்தா எனக்காகப் பொய் சொல்கிறார், அம்மாவும் அதை நம்பிவிட்டாள் என்று நினைத்து, நிம்மதியாக அழுதுகொண்டிருந்தேன்.